பதினேழு செகண்ட்

— போர்டு மட்டும் பெருசா வச்சிருக்கீங்க தம்பி, ‘பழைய கேசட்டுக்குப் புது உயிர்’னு. என் கேசட்டோட உயிரைத்தான் எடுத்திருக்கீங்க.

— பொறுங்கக்கா, வந்ததும் வராததுமா சண்டைக்கு நிக்காதீங்க. படம் தெரியலையா, சத்தம் கேக்கலையா?

— ரெண்டும் இருக்கு. ரெண்டுக்கும்தான் பேச்சுவார்த்தை இல்ல. வாய் இப்ப அசையுது, வார்த்தை அப்புறமா வருது. என் தங்கச்சி குட்டி சிரிச்சு முடிச்சு அந்தப் பக்கம் போயிடறா. எங்க மாமனார் சோத்தைப் பெசையறப்ப அவ சிரிப்பு கேக்குது. நல்லாருக்கா இது?

— எதுல போட்டுப் பாத்தீங்க?

— டிவில போட்டேன். எதிர்வீட்டு லேப்டாப்புல போட்டேன். என் மக போன்லயும் போட்டேன். இனிமே அம்மிக்கல்லுல போட்டுத்தான் பாக்கணும்.

— போன்லயும் அப்படின்னா டிவி மேல பழி போட முடியாது. பென் டிரைவைக் குடுங்க. எப்ப எடுத்த கேசட்டு இது?

— நாங்க புது வீட்டுக்குக் குடிபோன அன்னிக்கு. இருபத்தி ரெண்டு வருஷமாச்சு. என் தங்கச்சி இருக்கறது இந்த ஒரு கேசட்டுலதான். போன மாசம் போயிட்டா.

— அடடா. என்னக்கா ஆச்சு?

— ஆஸ்பத்திரியில கெடந்தா. என்ன நோவுன்னுகூட எனக்குச் சரியாத் தெரியாது. நான் போய்ப் பாக்கல. என்னத்தைச் சொல்ல, அந்தக் கதை எதுக்கு உங்களுக்கு. அவ பேசறது அவ வாயிலேர்ந்து வரணும், அவ்வளவுதான். பண்ணித் தர முடியுமா, முடியாதா?

— பாப்போம். மொதல் இருபத்தி மூணு நிமிஷம் கச்சிதமா ஓடுதேக்கா.

— அதுக்கப்புறம் பாருங்க உங்க லட்சணத்தை.

— பொறுங்க. கேசட்டைக் கம்ப்யூட்டருக்கு மாத்தறப்ப வர்ற கோளாறுன்னா மொதல்ல இம்மியளவு வெலகும், போகப்போகக் கூடும். இது ஒரே தாவா தாவுது. பதினேழு செகண்ட். அங்கேர்ந்து கடைசி வரைக்கும் அதே பதினேழுதான். கடைசியில திரை கறுத்துப்போச்சு, ஆனா பேச்சு இன்னும் ஓடுது, பாத்தீங்களா?

— அதான், நீங்க பண்ணின கோளாறு.

— இது கோளாறு இல்லக்கா, வெட்டு. நடுவுல பதினேழு செகண்ட் படத்தை யாரோ எடுத்துட்டாங்க. சத்தத்தை எடுக்க மறந்துட்டாங்க. அதனால படம் முன்னாடி வந்துடுச்சு, சத்தம் பின்தங்கிப்போச்சு.

— எவன் எடுப்பான்? உங்க கடையில எவனாவது கை வச்சிருப்பான்.

— கடையில நான் ஒருத்தன்தான். நான் குடுத்தது ஒம்பதாம் தேதி. இந்த ஃபைல் பதினாலாம் தேதி சாயந்தரம் உருவாகியிருக்கு, இங்க பாருங்க. ஒம்பதாம் தேதி உங்க வீட்டுக்காரர்தானே வந்து வாங்கினாரு? நெட்டையா, மூக்குக் கண்ணாடி? இதே நாற்காலியில உக்காந்து முழுசாப் பாத்துட்டுத்தான் போனாரு. ஒரு குறை சொல்லலையே.

— எங்கிட்ட அப்படிச் சொல்லலையே! கடைக்காரன் சொதப்பிட்டான், பழைய டேப்பு அப்படித்தான் இருக்கும், விட்டுத்தள்ளுன்னாரு.

— அஞ்சு நாள் பென் டிரைவ் யார்கிட்ட இருந்துச்சு?

— அவர்கிட்டதான்.

— அக்கா?

— ஒரு நாள் கம்ப்யூட்டர் முன்னாடி இதைத்தான் பாத்துக்கிட்டிருந்தாரு. சத்தமே வைக்காம. ஏன் ஊமைப்படம் பாக்கறீங்கன்னு கேட்டேன். தலைவலின்னாரு. நானும் தைலம் தேச்சுவிட்டேன்.

— சத்தத்தை அமத்திட்டு வெட்டினா சத்தம் நெனப்புல இருக்காதுதான்.

— நீங்க மாத்தினது உங்ககிட்ட இருக்குமே?

— பதினஞ்சு நாள்தான் வச்சிருப்பேன், அழிச்சாச்சு. கேசட்டு உங்ககிட்ட இருக்குமே?

— பூஞ்சை புடிச்சிருக்கு, வீட்டுல வச்சா எல்லாத்துக்கும் பரவும்னு அவர்தான் தூக்கிப்போட்டாரு.

— அப்ப படம் போனது போனதுதான். சத்தம் மட்டும் இருக்கு. ஆனா பாட்டு அலறுதே, பேச்சு அமுங்கிப்போயிருக்கு. பாட்டைக் கொறச்சுப் பேச்சைத் தூக்கிப் பாக்கறேன். கொஞ்ச நேரம் ஆகும்.

— ஆகட்டும். தம்பி, அன்னிக்குத்தான் என் சங்கிலி காணாமப்போச்சு. எங்கம்மா போட்டது. வீடு பூரா கவுத்துத் தேடினோம். குட்டிதான் குளியலறைப் பக்கம் போனா, நான் பாத்தேன்னு இவர்தான் சொன்னாரு. நான் அத்தனை பேர் முன்னாடி அவ பையைக் கொட்டினேன்.

— இருந்துச்சா?

— ஒரு சீப்பு, ஒரு கைக்குட்டை. அப்பவும் நான் விடல, எங்க ஒளிச்சு வச்சிருக்கேன்னு கேட்டு அடிச்சேன். நான் கண்ணால பாக்கலக்கான்னு அவ சொல்லியிருந்தாக்கூட... அதையும் சொல்லல. அத்தானையே பாத்துக்கிட்டு நின்னா. திருட்டு முழின்னு நெனச்சேன். அன்னிக்குப் போனவதான், எங்க வாசப்படி மிதிக்கல.

— பாட்டு கொறஞ்சுடுச்சு, இன்னும் கொஞ்சம்தான்க்கா.

— அடுத்த மாசமே அவர் கடை போட்டாரு. முன்பணம் எப்படிப் பெரட்டினீங்கன்னு நான் ஒரு வார்த்தை கேக்கல தம்பி. பெருமையா இருந்துச்சு எனக்கு.

— அக்கா, பேச்சு பிரிஞ்சு வந்துடுச்சு. இந்த ஹெட்போனை மாட்டிக்கிட்டு நீங்க மட்டும் கேளுங்க. நான் வெளிய நிக்கறேன்.

— வேணாம். ஸ்பீக்கர் பெட்டியிலயே வைங்க. அவளைத் திட்டினப்ப ஊரே கேட்டுச்சு, இதையும் ஒரு ஆள் கேக்கட்டும்.

— வைக்கறேன்.

— “அத்தான், இந்தாங்க, அக்கா சங்கிலி. குளியலறையில கழட்டி வச்சிட்டு மறந்துட்டா.”

— குட்டி. தம்பி, இது குட்டிதான்.

— நிறுத்திடவாக்கா?

— ஓடட்டும்.

— “குடு. நான் குடுத்துடறேன்.”

— “இப்பவே குடுத்துடுங்க அத்தான். காணலைன்னு தேடப்போறா. நான்தான் எடுத்துட்டேன்னு நெனச்சுக்கப்போறா.”

— “அட அசடு! உங்கக்காவா? உன்னைப் போயா அப்படி நெனப்பா?”