வெள்ளை டேப்

உங்கள் ஸ்டேஷன் சன்னலின் கீழ்ச் சட்டத்தில் காற்று வருகிறது, அம்மா. வந்து உட்கார்ந்ததிலிருந்து என் கணுக்காலில் பட்டுக்கொண்டே இருக்கிறது. ஒரு ரப்பர் பட்டை ஒட்டினால் நின்றுவிடும். குறையாகச் சொல்லவில்லை. பதினொரு வருடமாக ஊரார் வீடுகளில் காற்று எங்கே கசிகிறது என்று தேடித் தேடி, உடம்புக்கே அந்தப் பழக்கம் வந்துவிட்டது.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன்.

கட்டட எரிசக்திச் சட்டம் நல்ல சட்டம். இன்றும் அப்படித்தான் சொல்வேன். கசிகிற வீட்டைச் சூடாக்குவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது மாதிரி. எரிவாயு எரிந்துகொண்டே இருக்கும், கரிப்புகை வானத்துக்குப் போய்க்கொண்டே இருக்கும். அதனால் ஓட்டையை அடை என்கிறது சட்டம். வாசற்கதவில் ஒரு பெரிய விசிறியைப் பொருத்தி வீட்டுக் காற்றை இழுப்பேன். மிஷினில் கசிவு எண் மூன்றுக்குள் வந்தால் தேர்ச்சி. ஒரு வீடு தவறினாலும் முழுக் கட்டடத்துக்கும் சிவப்புச் சீட்டு. முப்பது நாளில் எல்லோரும் காலி செய்ய வேண்டும். பழைய குடித்தனக்காரர்களை விரட்ட உரிமையாளர்கள் அதற்கென்றே வாயைப் பிளந்துகொண்டு காத்திருப்பார்கள்.

எங்கள் வேலையில் இரண்டு டேப் உண்டு. நீலம் சோதனைக்கு மட்டும். முடிந்ததும் பிரித்துவிட வேண்டும். வெள்ளை நிரந்தரம். அதை ஒட்டிவிட்டால் மேலதிகாரிகூடத் தொடமாட்டார். குளியலறை கேஸ் ஹீட்டருக்கு மேலே கையகலத் துளை ஒன்று இருக்கும், ஹீட்டர் மூச்சு விடுவதற்கு. அதில் மட்டும் எந்த நிறமும் ஒட்டக்கூடாது. முதல் நாளே சொல்லிக்கொடுப்பார்கள்.

நீங்கள் கேட்கும் கட்டடத்தின் நான்காவது மாடியில் ஒரு தையல்காரி, அவளுடைய மாமியார். இரண்டே பேர். நான் விசிறியைப் பூட்டும்போது மாமியார் கட்டிலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்.

"காத்தையும் அளக்க ஆரம்பிச்சிட்டாங்களா? அப்படியே என் மருமக வாயையும் அளந்துடுங்க. மிஷின் தாங்காது."

"அத்தை, உங்க குறட்டையை அளந்தா இந்த பில்டிங்கே ஃபெயிலு," என்றாள் தையல்காரி, உதட்டிடையில் குண்டூசியோடு.

நானும் சிரித்தேன். எண் 3.4 காட்டியது. சன்னல், கதவு, மின்பெட்டி எல்லா ஓரத்தையும் அடைத்தேன். 3.2. அதற்குமேல் இறங்கவில்லை. குண்டூசியை எடுத்துவிட்டு அவள் கேட்டாள்.

"அக்கா, ஃபெயிலானா நாங்க எங்கே போறது? இவங்களால படிகூட இறங்க முடியாது."

மின்சார ஹீட்டர் வைத்தால் அந்தத் துளையே தேவையில்லை. உரிமையாளருக்கு மூன்று கடிதம் போட்டிருந்தேன். பதில் இல்லை. அலுவலகத்தைக் கேட்டேன். சட்டத்தில் அவரைக் கட்டாயப்படுத்த இடமில்லை என்றார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. நான் என்ன செய்வேன், சொல்லுங்கள்.

துளையை வெள்ளையால் ஒட்டினேன். 2.9. தையல்காரி என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

நீலம் தீர்ந்துபோயிருந்ததா என்று கேட்டீர்கள். இல்லை, பையில் புதுச்சுருள் இருந்தது. ஆனால் அறிக்கையோடு புகைப்படம் இணைக்க வேண்டும். நீலம் தெரிந்தால் கேள்வி வரும். வெள்ளையைப் பார்த்தால் எங்கள் ஆட்கள் எவரும் வாய் திறக்கமாட்டார்கள். அடுத்த வாரம் ஹீட்டரைப் பார்க்க வந்த கேஸ்காரரும் அப்படித்தான். வேறு பக்கம் துளை வைத்திருப்பார்கள் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டுப் போய்விட்டார். அவர்மேல் பழி போடாதீர்கள். பிள்ளைகுட்டிக்காரர்.

வியாழக்கிழமை மேலதிகாரியின் மறுசோதனை. அது முடிந்ததும் நானே போய்ப் பிரித்துவிடுவதாக இருந்தேன். திங்கட்கிழமை மாலை தையல்காரி போன் செய்தாள்.

"அக்கா, ரெண்டு நாளா தலை சுத்துது. அத்தை குளிச்சுட்டு வந்து படுத்தவங்க, கூப்பிட்டா உம்முனு மட்டும்தான் சொல்றாங்க. அந்த டேப்பைப் பிச்சுடவா?"

அது என்ன தலைச்சுற்றல் என்று எனக்குத் தெரியும். எங்கள் கையேட்டில் ஒன்பதாம் பக்கம். துளையை அடைத்தால் ஹீட்டரிலிருந்து வீட்டுக்குள் நிறையும் விஷக்காற்றுக்கு மணம் கிடையாது.

"வியாழன் வரைக்கும் பொறுத்துக்கோம்மா," என்றேன். "சன்னலையும் திறந்துடாதே. புது ரப்பர் பிஞ்சுடும்."

"பொறுத்தார் பூமி ஆள்வார்ங்கிறீங்க," என்று சிரித்தாள். "சரிக்கா."

நேற்றுக் காலை, தைத்த துணியை வாங்க வந்தவர் கதவைத் தட்டித் தட்டிப் பார்த்திருக்கிறார். உள்ளே இருவரும் எழுந்திருக்கவில்லை. அவள் டேப்பில் கை வைத்திருந்தாளா என்று உங்களிடம் கேட்டேன். ஓரம்கூடக் கிளம்பவில்லை என்றீர்கள். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறவள்.

ஆம், தெரிந்துதான் செய்தேன். அவர்கள் வீதிக்கு வரக்கூடாது என்று செய்தேன். வரவில்லை.

துளையை ஒட்டிய மற்ற வீடுகளா? இன்னும் பதினேழு இருக்கின்றன, ஐந்து கட்டடங்களில். எல்லாம் வெள்ளைதான். பேனாவைக் கொடுங்கள், கதவு எண் முதற்கொண்டு எழுதித் தருகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். நாளைக்கு வியாழன். அங்கும் சோதனை முடிந்த பிறகு பிரிக்கச் சொல்லுங்கள், அம்மா. ஒரு நாள்தானே.