மைன்ஸுக்குப் போன சாமைச் சோறு

செவ்வாய்க்கிழமை முருகனுக்கு அர்ச்சனை செய்ய நிலக்கரிச் சுரங்க நகரியத்துப் பஸ்ஸில் போனேன். முன் சீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்:

“இனிமே மைன்ஸ்ல யார் டப்பாவத் தொறந்தாலும் எங்க வூட்டுக்காரருக்குச் சாமைச் சோறுதான்.”

“என்னாக்கா சொல்றீங்க?”

“சர்க்கரை இன்னும் வரல, வர்ற மாதிரி இருக்குது, சாப்பாட்ட மாத்துங்கன்னு டாக்டர் சொன்னாரு. எங்க மாமனாருக்குச் சர்க்கரையிலதான் கால எடுத்தாங்க.”

முருகா என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டேன்.

“அந்தப் பயத்துல அரிசியக் கொறச்சி, சாமையும் கீரையும் கட்டிக் குடுத்தேன். ஷிப்ட்டுல டப்பா மாத்திச் சாப்புடற வழக்கமாச்சே! இவரு அதைக் கூட்டாளிகிட்டத் தள்ளிட்டு, அவரு புளிசோத்தத் தின்னுகினு இருந்திருக்காரு.”

“அய்யய்யோ! சண்டை போட்டீங்களா?”

“எதுக்கு? கூட்டாளி பொண்டாட்டிகிட்டப் பேசுனேன். அவளும் இப்ப அதையேதான் கட்டிக் குடுக்கறா. அவருக்கும் நல்லதுதானே!”

“அண்ணன் கண்டுபுடிச்சாரா?”

“நேத்து வந்து டப்பாவ வச்சாரு. ‘அவங்க வூட்டுச் சாமை கொழகொழன்னு கெடக்குது. இனிமே உன்னுதையே தின்னுக்கறேன், கீரைய மட்டும் கொஞ்சம் சேத்து வையி’ன்னாரு.”