எல்லாரும் மேல்தட்டுக்கு

அறுபதுகளில் ஒரு மழைக்காலம். நெய்வேலி டவுன்ஷிப் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஒரு பெண் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் கணவன், சுரங்கத்தில் பம்பு பார்ப்பவன். திரும்பியிருந்தால் என்னைப் பார்த்திருப்பான்.

“புள்ள பொறக்கசொல்ல நீ இன்னாய்யா, கப்பல்லயா இருந்த?” என்றாள்.

“அதான் சொன்னனே. இன்ஜினியரு ‘ஆல் ஹேண்ட்ஸ் ஆன் டெக்’னு இங்கிலீஷ்ல சொல்லிட்டாரு. கப்பலுக்கு ஆபத்துன்னா சமையக்காரன் மொதக்கொண்டு எல்லாரும் மேல்தட்டுக்கு வந்து நிக்கணுமாம். பம்பு நின்னுபோயி பள்ளத்துல தண்ணி ஏறிக்கினு இருந்திச்சி. எவனும் வூட்டுக்குப் போவல.”

“எனக்கு வலின்னு சொன்னியா?”

“சொன்னேன். அதுக்குத்தான் அத சொன்னாரு.”

அந்த இன்ஜினியர் நான்தான். படித்த சொற்றொடரை ஒரு முறை சொல்லிப் பார்க்கும் ஆசை. அவனை அனுப்பியிருக்கலாம், அன்று போதுமான ஆள் இருந்தது. இந்த வயதிலும் அது உறுத்துகிறது.

“வூட்லயும் அப்படித்தான்,” என்றாள். “பிளாக்குல இருக்கிற பொம்பளைங்க அத்தனை பேரும் ஓடியாந்தாங்க. திருநெல்வேலிக்காரம்மா அடுப்புல வச்ச சோத்த அப்படியே வுட்டுட்டு வந்திச்சி. நான்தான் வாசலையே பாத்துக்கினு கெடந்தேன்.”

அவன் குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டான்.

“சரி வுடு,” என்றாள். “தண்ணி வடிஞ்சிதா?”

“வடிஞ்சிடுச்சி.”

“அடுத்த தபா கப்பலே முழுவினாலும் வூட்டுக்கு வந்து ஒரு வார்த்த சொல்லிட்டுப் போ. போவாதன்னா சொல்லப்போறேன்?”