நான்காம் சூளைக்கு மாற்று ஆள்

பீப்… பீப்… பீப்…

ஞாயிற்றுக்கிழமை. பகல் பதினொன்றரை மணி. விருத்தாசலம் செராமிக் எஸ்டேட் ரோட்டில் ஒரு காக்கை கூட இல்லை. சத்தம் மட்டும்… பூட்டிய ஆபீசுக்குள்ளிருந்து.

பேய்க்கு ராத்திரிதான் நேரம் என்று யார் சொன்னது? உச்சிப் பொழுதும் அதற்குச் சொந்தம்தான். கரண்ட் வருகிற வரைக்கும் வேறு வேலை இல்லை… இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். நம் தங்கதுரையின் தங்கை பூர்ணிமாவின் புருஷன் நந்தகுமாருக்கு நடந்தது இது. 2007-ல்.

எஸ்டேட் வாசலில் டீக்கடை போட்டிருந்த ராஜாம்பாள்தான் அவனுக்குப் போன் அடித்தாள். "தம்பி, ஒங்க ஆபீஸுக்குள்ள என்னமோ கத்துதுப்பா. காது கிழியுது."

அது மூடிப்போன பீங்கான் கம்பெனி ஒன்றின் கட்டடம். சாமிதுரை என்பவர் வாங்கி ஸ்கேனிங் ஆபீஸ் வைத்திருந்தார். பழைய சூளைப் பதிவேடுகளைப் படம் பிடித்து, டைப் அடித்து, சென்னைக்கு அனுப்புகிற வேலை. கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது நந்தகுமார். அணைந்து கிடந்த பழைய சூளைக்கு முன்னால் நான்கு சர்வர் பெட்டிகள் இருந்தன. ஃபைல்கள் எல்லாம் ஒரே பெட்டியில் இருக்காது, துண்டு துண்டாக நான்கிலும் பரவிக் கிடக்கும். பெட்டிகளுக்கு அவன் வைத்த பெயர்கூட அந்த ஊர்த் தொழிலை வைத்துத்தான்… சூளை ஒன்று, சூளை இரண்டு என்று.

யு.பி.எஸ். மூன்று பெட்டிகளைத்தான் தாங்கும். நான்காவதும் ஓடினால் கத்தும். அதனால்தான் வெள்ளிக்கிழமையே நான்காவதை நிறுத்தி, ஒயரைப் பிடுங்கி, அதன் தலையிலேயே சுருட்டி வைத்திருந்தான். தன் கையால்.

பூட்டைத் திறந்தான். சுருட்டிய ஒயர் சுருட்டியபடி இருந்தது. யு.பி.எஸ். மட்டும் கத்திக்கொண்டிருந்தது.

கறுப்புத் திரையின் முன் உட்கார்ந்தான். ஒரு கட்டளையை அடித்தால் போதும். எந்தப் பெட்டி உயிரோடு இருக்கிறது, யார் உள்ளே இருக்கிறார்கள், எந்த ஃபைலைத் தொடுகிறார்கள்… வரிசையாக வந்து விழும்.

அடித்தான்.

சூளை ஒன்று, சும்மா இருக்கிறது. சூளை இரண்டு, சும்மா. சூளை மூன்று, சும்மா.

சூளை நான்கு… வேலையில் இருக்கிறது. மணி பன்னிரண்டு. எழுதுபவர்: பக்கிரி.

நந்தகுமாருக்குப் பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது. மாட்டிக்கிட்டியா அமுதவள்ளி?

காரணம் இருந்தது. மூன்று வாரமாக, பதிவேட்டில் இல்லாத வரிகள் மத்தியான நேரங்களில் ஃபைல்களில் முளைத்துக்கொண்டிருந்தன. சென்னைக்காரர்கள் போனில் காய்ச்சி எடுத்தார்கள். "யாருப்பா கை வெக்கிறது?" என்று சாமிதுரை கேட்டபோது, நந்தகுமார் யோசிக்கவே இல்லை. மத்தியானத்தில் ஆபீசிலேயே சோறு தின்கிறவள், டைப் அடிக்கிற அமுதவள்ளி ஒருத்திதான். அவள் பெயரைச் சொல்லிவிட்டான். "திங்கக்கெழம காலையில போலீஸ்ல எழுதிக் குடுத்துடறேன்" என்றார் சாமிதுரை. அமுதவள்ளிக்குத் தையில் கல்யாணம் வைத்திருந்தார்கள்.

அந்தப் 'பக்கிரி' கணக்கை உண்டாக்கியதும் நந்தகுமார்தான். அந்த எஸ்டேட்டில் ஆளுக்கு ஒரு கோணல் டீ கப். விலை போகாத கப். சூளைக்குள் போகும் முன் அடியில் பெயரைக் கீறி விடுவார்கள். கம்ப்யூட்டரில் ஆட்களை ஏற்றிய அன்று, அலமாரியில் இருந்த கப்புகளைக் கவிழ்த்துப் பார்த்து, அடியில் இருந்த பெயர்களை அப்படியே அடித்துக்கொண்டு போனான். ஆள் ஆறு. கப் ஏழு. ஏழாவது யாருடையது என்று கேட்கவே இல்லை. ஆளில்லாத அந்தப் பெயரில் யார் வேண்டுமானாலும் நுழையலாம்.

அமுதவள்ளிக்குப் போன் போட்டான். மேளச் சத்தம் காதைப் பிளந்தது.

"அண்ணே, கருவேப்பிலங்குறிச்சியில இருக்கேன். அக்கா புள்ளைக்குக் காது குத்துறாங்க. புள்ள கத்துறது கேக்குதா?"

கேட்டது.

அவள் இல்லை. அப்படியானால் யார்?

வெளியே வந்தான். "ராஜாம்பாக்கா, பக்கிரின்னு யாரு?"

ராஜாம்பாள் பாலை ஆற்றுவதை நிறுத்தினாள்.

"எதுக்கு அந்தப் பேரு இப்ப? சூளைக்காவல் பாத்தவரு. செத்து பதினாறு வருஷம் ஆவுது."

"எப்படி?"

"அரை மணிக்கு ஒருவாட்டி சூளைச் செவுத்துல இருக்குற ஓட்டை வழியா உள்ள கண்ணை வெச்சுப் பாக்கணும். பாத்துப் பதிவேட்டுல எழுதணும். மாத்து ஆளு வந்து பேரு எழுதுற வரைக்கும் எடத்த வுட்டு நவுரக் கூடாது. அது சூளை மொறை. அந்த வாட்டி மாத்து ஆளு வரல. ரெண்டு நாளு குந்திக்கினே இருந்தாரு. மூணாம் நாளு போயிப் பாத்தா… கண்ணு ஓட்டையிலயே இருக்குது. உசுரு இல்ல. அதோட சூளையும் அணைஞ்சுது."

நந்தகுமார் அவளை ஏற இறங்கப் பார்த்தான். அமுதவள்ளிக்குத் தினம் டீ கொண்டுபோகிறவள். அந்தப் பெண்ணைக் காப்பாற்றக் கதை கட்டுகிறாளோ?

உள்ளே போனான். கதவை உள்பக்கமாகப் பூட்டினான். போன் லைன் வழியாக வெளியிலிருந்து யாரும் கம்ப்யூட்டருக்குள் நுழைய முடியாதபடி டெலிபோன் ஒயரையும் பிடுங்கினான். காத்திருந்தான்.

மணி பன்னிரண்டரை. கட்டளையை அடித்தான்.

சூளை நான்கு… வேலையில் இருக்கிறது. எழுதுபவர்: பக்கிரி.

ஒரு மணி. மறுபடியும் அதே.

இப்போது வாசனை வந்தது. ஈர மண் சூடேறுகிற வாசனை. பதினாறு வருஷமாக அணைந்து கிடந்த சூளையின் பக்கமிருந்து… 'டிங்' என்று ஒரு சத்தம். வெந்த கப்பை நகத்தால் சுண்டிப் பார்ப்பார்களே, அந்தச் சத்தம்.

எழுதப்படுகிற ஃபைலைத் திறந்தான். பழைய பதிவேட்டுப் பக்கம். அரை மணிக்கு ஒரு வரி… ஒரு வரி… ஒரு வரி. கடைசியில் ஒரு கட்டம். 'மாற்று ஆள்' என்று தலைப்பு. காலியாக இருந்தது.

நாற்காலியைச் சற்றுப் பின்னால் தள்ளினான். ஆனாலும் காரியத்தில் கண்ணாக இருந்தான். இந்தப் பட்டியலைக் காகிதத்தில் எடுத்து சாமிதுரை மேசையில் வைத்துவிட்டால் போதும். அமுதவள்ளி தப்பிப்பாள். தான் வாய் தவறிப் போட்ட பழி தன் கையாலேயே நீங்கும். பிரிண்டர் கரகரவென்று துப்பியது. எடுத்துப் போய் அவர் மேசையில் வைத்தான்.

இனி அந்தப் பக்கிரியை வெளியேற்ற வேண்டும். அவ்வளவுதான். அதற்கும் ஒரு கட்டளை உண்டு. அடித்தான்.

'இவர் திறந்து வைத்த ஃபைல் யார் பொறுப்பில்?' என்று திரை கேட்டது. எப்போதும் கேட்கிற கேள்விதான். எப்போதும் அடிக்கிற பதிலை அடித்தான்.

நந்தகுமார்.

'மாற்று ஆள்' கட்டத்தில் அந்தப் பெயர் விழுந்தது. யு.பி.எஸ். சட்டென்று வாயை மூடியது. சூளைக்குள்ளிருந்து ஒரு பெருமூச்சு… வெகுநேரம் பாரம் சுமந்தவன் இறக்கி வைத்தால் விடுவானே, அப்படி. பிறகு செருப்புச் சத்தம். சரக்… சரக்… பூட்டிய கதவைத் தாண்டி, ரோட்டுப் பக்கம் போய்த் தேய்ந்தது.

நந்தகுமார் வண்டிச் சாவியை எடுத்தான். எழுந்தான். மணி ஒன்று இருபத்தெட்டு. ஒன்றரைக்கு ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டுப் போய்விடலாமே… என்று தோன்றியது.

உட்கார்ந்தான்.

திங்கட்கிழமை காலை சாமிதுரை தன் சாவியால் திறந்து வந்து அந்தக் காகிதத்தைப் படித்தார். அமுதவள்ளி காது குத்துக்குப் போயிருந்த ஞாயிற்றுக்கிழமை நடந்த வேலை என்று மணியோடு இருந்தது. "தப்பா நெனச்சுட்டேம்மா" என்று அவளிடம் சொல்லிவிட்டு, போலீஸ் பேச்சை விட்டார்.

அமுதவள்ளி நன்றி சொல்ல உள் அறைக்கு ஓடினாள். நந்தகுமார் திரைக்கு முன்னால் இருந்தான். நேற்றுப் போட்ட சட்டை. வலது கண் மட்டும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தது. அந்தப் பக்கத்துப் புருவ மயிர் கருகியிருந்தது.

"என்னண்ணே, ராத்திரி பூரா இங்கியேவா? பூர்ணிமா அண்ணி அழுவுறாங்க. வூட்டுக்குப் போங்கண்ணே!"

திரையில் அரை மணிக்கு ஒரு வரி. எல்லா வரியிலும் நந்தகுமார். கீழே ஒரு கட்டம், காலியாக.

அவன் அவள் பக்கம் திரும்பவில்லை. கீபோர்டை மட்டும் மெல்ல அவள் பக்கம் நகர்த்தினான்.

"போயிடுவேன் அமுதா… நீ மட்டும் இந்தக் கட்டத்துல ஒன் பேர அடிச்சுடு."