உண்டியலுக்கு ரெண்டு சாவி

உமாதேவி: கதவத் திறங்க. சண்டைக்கு வரல.

ருக்குமணி: திறந்துதான் கெடக்கு. உன் மக சடங்குக்கு நான் வரலன்னு இந்த வாசலயே மிதிக்காதவ... தானா ராத்தா டவுனுக்குப் போற பஸ்ஸ விட்டுட்டு வந்து நிக்கிற. என்ன விஷயம்?

உமாதேவி: நம்ம கோயில் பேஸ்புக் பக்கத்துல எவனோ நுழையப் பாத்திருக்கான். உங்க போனுக்கு ஓ.டி.பி. நம்பர் வந்துச்சா?

ருக்குமணி: நேத்தே வந்துச்சு. ஆறு நம்பர்.

உமாதேவி: அத யார்கிட்டயாவது...

ருக்குமணி: ஏன் மூஞ்சி வெளுக்குது?

உமாதேவி: சொல்லுங்கலா. அந்தப் பக்கத்தப் பாத்துத்தான் கோலாலம்பூர் ஆளுங்ககூட திருவிழாவுக்குக் காசு அனுப்புறாங்க. அது போச்சுன்னா மாரியாத்தா பேரச் சொல்லி அவன் வாரிக்கிட்டுப் போயிடுவான்.

ருக்குமணி: சொல்லல. பக்கம் நம்மளுதுதான்.

உமாதேவி: நெசமாவா? ஆத்தா... காப்பாத்திட்ட.

ருக்குமணி: கோயில் தலைவர் முனியாண்டியையும் கும்புட்டுக்க. உண்டியலுக்கு ரெண்டு பூட்டு, ரெண்டு வீட்ல சாவி. போன்லயும் அப்படித்தான், பாஸ்வேர்டு உமாகிட்ட, வர்ற நம்பர் ருக்குமணிகிட்டன்னாரு. நீதான் குதிச்ச.

உமாதேவி: பேசாத ஆளுகிட்ட எப்படி நம்பர் கேக்குறது?

ருக்குமணி: பேசாததுலதான் தப்பிச்சோம். புது போன்லேர்ந்து உன் பேரப் போட்டு வந்துச்சு. "அன்புள்ள அண்ணி, தயவுசெய்து நம்பர் அனுப்புங்க"ன்னு.

உமாதேவி: தயவுசெய்தா?

ருக்குமணி: ஆமா. நீ எப்படிக் கேப்ப? "நம்பர்." அவ்ளோதான். எம் புருஷன்கூடப் பொறந்தவ வாயில தயவாவது, செய்தாவது. அங்கியே புடிச்சிட்டேன்.

உமாதேவி: சிரிக்காதீங்க...

ருக்குமணி: நீயுந்தான் சிரிக்கிற. எந்த ஊர்க்காரனோ... நம்ம ரெண்டு பேர்கிட்டயும் தோத்துட்டான் பாரு. ஆனா ஒண்ணு புரியல. நான் உனக்கு அண்ணின்னு அவனுக்கு எப்படித் தெரியும்?

உமாதேவி: அடுத்த பஸ் வந்துரும். நான் கெளம்புறேன்.

ருக்குமணி: உமா.

உமாதேவி: பேஸ்புக் கம்பெனிலேர்ந்து பேசுறோம், பக்கத்த மூடப் போறோம்னான். பயந்துட்டேன். பாஸ்வேர்டச் சொல்லிட்டேன்.

ருக்குமணி: அடிப்பாவி.

உமாதேவி: நம்பரும் வேணும்னான். அது எங்க அண்ணிகிட்ட இருக்குன்னு உங்க போன் நம்பரக் குடுத்தேன்...

ருக்குமணி: எங்க அண்ணின்னா சொன்ன?

உமாதேவி: வேற எப்படிச் சொல்றதாம்? இருங்க, பாஸ்வேர்ட இப்பவே மாத்துறேன். உங்களுக்கு நம்பர் வரும். சொல்லுங்க... அண்ணி.

ருக்குமணி: சொல்றேன்டி. அவனுக்கும் சொல்லத்தான் போனேன். அண்ணின்னு பாத்ததும் கண்ணு கலங்கி, ஆறு நம்பரையும் அடிச்சே வெச்சிட்டேன். அப்புறந்தான் அந்தத் தயவுசெய்து கண்ணுல பட்டுச்சு.