முதுகுகள் பார்த்த கோல்

மாலையும் மௌனமுமாக நடுநாற்காலியில் வீற்றிருக்கும் எங்கள் ரசிகர் சங்கத் தலைவர் அவர்களே! அவருக்கு இருபுறமும் அமர்ந்து, இந்தக் கிழவி எப்போது முடிப்பாள் என்று இப்போதே கடிகாரம் பார்க்கத் தொடங்கிவிட்ட பொறுப்பாளர்களே! வெயிலையும் மழையையும் வெறுங்கையால் விரட்டிவிட்டுக் கேலரியில் நின்று, கால் மரத்துப்போன பெரியோர்களே! ஆட்டம் முடியும்வரை அடுப்பைப் பற்றவைக்க மாட்டோம் என்று வீட்டில் சட்டம் போட்டு வைத்திருக்கும் தாய்மார்களே! தோற்றால் தொண்டை கட்டி, ஜெயித்தால் அதைவிட அதிகமாகத் தொண்டை கட்டித் திரியும் தம்பிமார்களே, தங்கைமார்களே! எல்லாருக்கும் என் வணக்கம்.

உட்கார்ந்து பேசச் சொன்னார்கள். முடியவில்லை. காலையிலிருந்தே எனக்கு உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை, பாத்திரத்தைக் கழுவினால் பாதியில் வைத்துவிட்டு வாசலுக்கு வந்து நிற்கிறேன். ஏன்? நாளை மாலை ஆட்டத்துக்கு முன்னால், நம் சட்டை போட்ட பழைய ஆட்டக்காரர்கள் அத்தனை பேரும் மைதானத்தை ஒரு சுற்று நடந்து வரப்போகிறார்கள். கால் ஒடிந்தவர் வருகிறார், கண் மங்கியவர் வருகிறார், ஒரே ஒரு ஆட்டம் ஆடிவிட்டு ஓடிப்போனவர்கூட வருகிறார். ஒருவருக்கு மட்டும் அழைப்பு இல்லை. கோப்பையின் இறுதி ஆட்டத்தில் பந்தை வேண்டுமென்றே விட்டார் என்று நாம் துரத்தினோமே, அந்தக் கோல்கீப்பர். அவரைச் சேர்ப்பதா, வேண்டாமா என்று கை தூக்கி முடிவு செய்யத்தான் இந்தக் கூட்டம்.

யார் அங்கே "துரோகி" என்றது? நல்ல குரல் தம்பி. கொஞ்சம் பத்திரமாக வைத்துக்கொள், கடைசியில் தேவைப்படும்.

அன்பர்களே! ஊழலைப் பேசுவதில் நமக்கு இணை உண்டா? உலகத்தில் எந்த ஆட்டத்தில் எவன் ஏமாற்றினாலும் தீர்ப்பு எங்கே எழுதப்படுகிறது? நம் மைதானத்துக்கு எதிரில் இருக்கும் முடிதிருத்தும் கடையில்! போன வாரம் பேரனுக்கு முடி வெட்ட நான் போயிருந்தேன். உள்ளே பஸ் ஓட்டுநரும் கடைக்காரரும் கத்திக்கொண்டிருந்தார்கள். சைக்கிள் பந்தயத்தில் ஊசி போட்டுக்கொண்டு ஜெயித்தவனைப் பற்றிய பேச்சு.

"ஊசி போட்டா சைக்கிள் தானா ஓடுமாய்யா? மிதிச்சது அவன் காலுதானே?" என்றார் ஓட்டுநர்.

"அப்போ நாளைக்கு நீயும் ஒண்ணு போட்டுக்க. உன் பஸ் நேரத்துக்காவது வரும்."

"என் பஸ்ஸ விடு. குத்துச்சண்டையில ஒருத்தன் அடி படாமலே மல்லாந்தானே, அவன நீதானே நல்லவன்னு சொன்ன?"

"அவன் வீட்டுக் கஷ்டம் உனக்குத் தெரியுமா?"

"உனக்குத் தெரியுமா? அவன் என்ன உன் மச்சானா?"

பந்தைச் சுரண்டியவன், வயதைக் குறைத்தவள், நடுவரை விருந்துக்கு அழைத்தவன் என்று பேச்சு தாவித் தாவிப் போனது. பாதித் தலை வெட்டிய நிலையில் பேரன் அப்படியே இருக்கிறான். கடைசியில் எங்கே வந்து நின்றது? எப்போதும் நிற்கும் இடத்தில்தான். நம் கோல்கீப்பர்! "அவன் கையத் தூக்கவே இல்ல, நான் கண்ணால பாத்தேன்" என்றார் கடைக்காரர். "நானும்தான் பாத்தேன்" என்றார் ஓட்டுநர். அதுவரை அடித்துக்கொண்ட இரண்டு பேரும் அந்த ஒரு பொய்யில் அண்ணன் தம்பி ஆகிவிட்டார்கள்.

பொய் என்றா சொன்னேன்? ஆமாம், பொய் என்றுதான் சொன்னேன். சலசலக்காதீர்கள். காரணத்தைக் கேட்டுவிட்டுச் சலசலக்கலாம்.

கோல் கம்பத்துக்குப் பின்னால் இருக்கும் கேலரி நம்முடையது. நமக்கு இரண்டு வழக்கங்கள் உண்டு. இளையவர்களுக்குத் தெரியாது என்பதால் சொல்கிறேன். ஒன்று, எதிர் அணிக்காரன் நம் கோல்கீப்பரின் முதுகுப் பக்கம் நழுவி வந்தால், கேலரியே ஒரே குரலில் கத்தும்: "பின்னால!" கோல்கீப்பருக்கு முதுகில் கண் கிடையாது, அந்தக் கண் நாம். இன்னொன்று, பிடிக்காத ஆட்டக்காரனைக் கண்டால் மேளம் மூன்று முறை அதிரும், கேலரி முழுவதும் திரும்பி நின்று அவனுக்கு முதுகைக் காட்டும். அந்த மேளத்தை அடித்தவர் யார்? இதோ, மாலையோடு இருக்கிறாரே, நம் தலைவர்தான்.

எனக்கும் அவருக்கும் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. நான்காம் வரிசை ஓரம், தூணுக்குப் பக்கத்தில் இருந்தது என் இடம். ஒருநாள் போய்ப் பார்த்தால் அங்கே மேளம் உட்கார்ந்திருக்கிறது. "என் இடம் தம்பி இது" என்றேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா?

"மேளத்தால நிக்க முடியாதுக்கா. நீங்க நிப்பீங்கல்ல?"

கேலரியே சிரித்தது. இப்போது நீங்கள் சிரிக்கிறீர்களே, இதே மாதிரி. நான் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அவர் மேளத்துக்கு நான் கை தட்டியதில்லை, தலை அசைத்ததில்லை, அவர் திரும்பச் சொன்னால் திரும்பியதும் இல்லை.

பிறகு வந்தது அந்த இறுதி ஆட்டம். அன்று காலையில்தான், அடுத்த வருஷம் நம் கோல்கீப்பர் எதிர் அணிக்குப் போகிறார் என்று பேச்சுக் கிளம்பியது. போனால்தான் என்ன? நாம் வேலை மாறவில்லையா, வீடு மாறவில்லையா? ஆனாலும் நமக்கு வயிறு எரிந்தது. ஆட்டம் முடியும் நேரம், இரண்டு பக்கமும் கோல் இல்லை. எதிர் அணிக்குக் கார்னர் உதை. அப்போது பார்த்து மேளம் அதிர்ந்தது. ஒன்று! இரண்டு! மூன்று! கேலரி திரும்பியது, மேளம் ஓயாமல் தொடர்ந்தது. தகப்பன் திரும்பினான், மகன் திரும்பினான், தோளில் இருந்த பிள்ளையும் திரும்பியது. திரும்பாமல் நின்றவள் நான் ஒருத்தி. நியாயத்துக்காகவா நின்றேன்? இல்லை. வீம்புக்காக நின்றேன்! அந்த வீம்புதான் எனக்குக் கண்ணாக இருந்தது.

கார்னரிலிருந்து பந்து வந்தது. எதிர் அணியின் நெட்டையன் நம் கோல்கீப்பரின் முதுகுப் பக்கம் நழுவினான். "பின்னால!" என்று கத்தினேன். ஆயிரம் தொண்டை கத்தவேண்டிய சொல்லை ஒரு தொண்டை கத்தினால் கேட்குமா? மேளச் சத்தத்தில் கேட்குமா? நெட்டையனின் முழங்கை நம் ஆளின் நெற்றிப்பொட்டில் இறங்கியது. அவர் விழவில்லை. மரம் மாதிரி நின்றார். கை இரண்டும் தொங்கிப்போயின. நடுவர் பந்தைப் பார்த்தார், படம் எடுத்தவன் முன்னாலிருந்து, அடி விழுந்த பிறகு எடுத்தான். மறுநாள் பத்திரிகையில் என்ன தெரிந்தது? நிற்கிறான், கையைத் தூக்கவில்லை, பந்து உள்ளே போகிறது!

தலைவர் கைக்குட்டையை எடுக்கிறார். அவர் ஏன் என்னைப் பார்க்காமல் உங்கள் தலைக்கு மேலே எங்கேயோ பார்க்கிறார் என்று உங்களுக்குத் தோன்றும். இருங்கள், அதற்கு வருகிறேன்.

விசாரணைக்கு அதிகாரிகள் நம் சங்கத்துக்கு வந்தார்கள். கம்பத்துக்குப் பின்னால் இருந்தவர்கள் நீங்கள்தானே, என்ன பார்த்தீர்கள் என்று கேட்டார்கள். முதுகைக் காட்டிக்கொண்டு நின்றோம் என்று யாராவது சொன்னீர்களா? வெட்கம்! அதனால் ஒருவர் பின் ஒருவராக எழுந்து, "கண்ணால பாத்தோம் சார், காசு வாங்கிட்டான் சார்" என்றீர்கள். நான் எழுந்தேன். "முழங்கையால அடிச்சான் சார், நான் பாத்தேன்" என்றேன். உடனே நம் மேளக்காரர்:

"அக்காவுக்கு என் மேல கோவம் சார். நான் கிழக்குன்னா அவங்க மேற்கும்பாங்க."

எல்லாரும் சிரித்தீர்கள். அதிகாரியும் சிரித்தார். அந்தச் சிரிப்போடு ஒரு மனுஷனுடைய ஆட்டம் முடிந்தது. இனி எந்த அணிக்கும் ஆடக்கூடாது என்று தடை. யார் யார் சிரித்தீர்கள் என்பது எனக்கு நினைவிருக்கிறது. மூன்றாம் வரிசையில் குனியவேண்டாம் அய்யா, உங்களுக்கு வழுக்கை விழுந்தாலும் சிரிப்பு அதேதான்.

அவர் இப்போது எங்கே இருக்கிறார் தெரியுமா? மைதானத்தின் பின்சுவரை ஒட்டிச் சாவி போடும் கடை வைத்திருக்கிறார். ஆட்டம் நடந்த ஒருநாள் சாவி போடப் போனேன். சுவருக்கு அந்தப் பக்கம் கூட்டம் இரைந்தது. அவர் இயந்திரத்தை நிறுத்தினார்.

"கார்னர்" என்றார். கொஞ்ச நேரம் காது கொடுத்தார். "நம்ம கீப்பர் பையன் கம்பத்த விட்டு வெளிய வர்றான். வரக்கூடாது."

கேலரி ஐயோ என்றது.

"சொன்னேன்ல."

"ஏன் தம்பி, அன்னிக்கு நடந்தத நீ யார்கிட்டயும் சொல்லலையா?" என்று கேட்டேன்.

"சொன்னேனேக்கா. யாரும் திரும்பிப் பாக்கல." சாவியை ஊதித் துடைத்து என் கையில் வைத்தார். "உங்க குரல் கேட்டுச்சுக்கா. மேளத்துக்கு நடுவுல லேசா. யாருன்னுதான் தெரியல."

கேட்டீர்களா? அந்த ஒரு தொண்டை அவருக்குக் கேட்டிருக்கிறது! அன்றிலிருந்தே எனக்கு மனம் ஆறவில்லை. ஒரு தொண்டையே கேட்டது என்றால், ஆயிரம் தொண்டை என்ன செய்திருக்கும்? அவர் தலை திரும்பியிருக்கும், முழங்கை தப்பியிருக்கும், பந்து கைக்கு வந்திருக்கும். ஊசி போட்டவனைப் பேசினோம், உருண்டு விழுந்தவனைப் பேசினோம், ஊர் உலகத்து ஊழலையெல்லாம் உப்புப்போட்டுப் பேசினோம். நம் ஊழலை என்றைக்குப் பேசினோம்? பாராததைப் பார்த்தோம் என்று சொன்ன ரசிகனுக்கு எந்தச் சங்கம் தடை போட்டது? எந்த நடுவர் சிவப்பு அட்டை காட்டினார்?

தலைவரே, நான் பேசத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் ஒருவர் வந்து இந்த மண்டபத்தின் கதவோரம் நின்றார். மேடையில் இருக்கிற நமக்குத் தெரிகிறது, முன்னால் பார்த்து உட்கார்ந்திருக்கும் இவர்களுக்குத் தெரியவில்லை. உள்ளே வரலாமா, போய்விடலாமா என்று நிற்கிறார். உங்கள் பழைய மேளம் இதோ மேஜைமேல் இருக்கிறது. அடியுங்கள் மூன்று முறை! இவர்களைத் திருப்புங்கள்! அடிக்க மாட்டீர்களா? கை வரவில்லையா? சரி. மேளம் வேண்டாம். அன்றைக்குச் சொன்னதையே இன்றைக்கும் ஒற்றைத் தொண்டையில் சொல்கிறேன்.

பின்னால!

என்ன தலைவரே? எழுந்துவிட்டீர்களே. முணுமுணுக்காதீர்கள், ஒலிபெருக்கி இதோ, இதில் சொல்லுங்கள்.

"...பின்னால. எல்லாரும் பின்னால பாருங்க."

கேட்டதா? இப்போது இரண்டு தொண்டை. துரோகி என்று கத்திய தம்பி, உன் குரல் எங்கே? ஆம், அப்படித்தான்! நாற்காலி இழுபடட்டும், முதுகுகள் எனக்கு, முகங்கள் அவருக்கு! சாவிக்காரத் தம்பி, போகாதே, நில். நாளைக்கு இவர் நடக்கலாம் என்பவர்கள் அப்படியே, அவரைப் பார்த்தபடியே, கையைத் தூக்குங்கள். அவர் எண்ணிக்கொள்ளட்டும்.

தலைவரே, உங்கள் கையும் மேலே இருக்கிறது. நன்றி. அந்த நான்காம் வரிசை இடத்துக்கு மட்டும் மன்னிப்பு கிடையாது.

என் பக்கம் திரும்பிய அத்தனை முதுகுகளுக்கும், அதில் ஒன்றையும் மறக்கப்போகாத இந்தக் கிழவியின் நன்றியும் வணக்கமும்.