அசையாத பத்தொன்பது நிமிடம்

வீடியோக் கோப்புகளை இளைக்க வைப்பது பெரிய வித்தையில்லை, மேடம். கறுப்புத் திரையில் ஒரு வரி கட்டளை தட்டினால் கோப்பின் நீளம், எடை எல்லாவற்றையும் கருவி சொல்லிவிடும். இன்னொரு வரி தட்டினால், ஒன்றுபோலவே இருக்கும் படங்களை உதறிவிட்டு மிச்சத்தை ஒட்டித் தரும். வராத்சா பக்கத்துக் கல்குவாரியின் கேமரா அறையில் பதினோரு வருடமாக எனக்கு இதுதான் வேலை. இதுவரை யாரும் குறை சொன்னதில்லை.

விசாரணைக்கு வந்ததுமே, கல் அறுக்கும் ரம்பம் ஓட்டிய ஷிவ்கோவைப் பற்றிக் கேட்டீர்கள். போன வசந்தத்தில் அவன் பாறை நிழலில் மல்லாந்து கிடப்பதைத் திரையில் பார்த்துப் பதறிச் சைரனை அழுத்தினேன். சைரன் அடித்தால் எல்லா ரம்பமும் நின்றாக வேண்டும். ஓடிப் போய்ப் பார்த்தால், ஐயா தூங்கிக்கொண்டிருந்தார். முதலாளி எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். அதற்குப் பிறகு சாப்பாட்டுக் கூடத்தில் நான் பீன்ஸ் சூப்போடு உட்காரும்போதெல்லாம் அவன் குரல் வரும்: "சைரன் அண்ணே, நான் கண்ண மூடப்போறேன். பயந்துடாதீங்க." அறுபது பேர் சிரிப்பார்கள். எனக்கு வயது ஐம்பத்து நாலு, மேடம்.

அக்டோபரில் ஒருநாள் திரையைத் திரும்பிப் பார்த்தால், அதே இடத்தில் கிடக்கிறான். பக்கத்தில் ஒரு கல் உருண்டிருந்தது. மறுபடியும் கூத்தா என்று விட்டுவிட்டேன். பத்தொன்பது நிமிடம் கழித்து ஒரு லாரிக்காரர்தான் பார்த்துக் கத்தினார். அதற்குள் உயிர் போயிருந்தது.

அன்று சாயங்காலமே கோப்பைக் கருவியில் விட்டேன். இப்போது படத்தில் அவன் விழுகிறான், உடனே ஆட்கள் ஓடி வருகிறார்கள். அவன் மனைவி நெவேனா வந்து கேட்டாள்: "ரொம்ப நேரம் வலியில கெடந்தாராண்ணே?"

போட்டுக் காட்டினேன். "ஒரு நொடிதாம்மா. உடனே முடிஞ்சுபோச்சு" என்றேன்.

என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மறுவாரம் அவனுக்குப் படைத்த வேகவைத்த கோதுமையை ஒரு டப்பாவில் கொண்டுவந்து கொடுத்தாள். சாப்பிட்டேன். அவளை நிம்மதியாகத் தூங்க வைத்தவன் நான். அதைக் கெடுக்கப்போகிறவர் நீங்கள்.

கெட்டிக்காரர்தான். அதே கருவியால் ஆராய்ந்து, வெட்டி ஒட்டிய இடத்தில் கிரேனின் நிழல் ஒரே தாவலாய்த் தாவியதைப் பிடித்துவிட்டீர்கள். ஒத்துக்கொள்கிறேன். மன்னிப்பு மட்டும் கேட்கமாட்டேன். என்னைக் கோமாளியாக்கியது அவன்தான், நான் நீக்கியது அசையாத படங்களைத்தான்.

முதல் தடவை ஓடவிட்டபோது கருவி அவ்வளவாக நீக்கவில்லை என்பது உண்மை. அவன் கை கேமராவைப் பார்த்து அசைந்துகொண்டே இருந்தது. அந்த அளவு அசைவையெல்லாம் கணக்கில் எடுக்காதே என்று கட்டளையில் ஓர் எண்ணைக் கூட்டினேன். அன்று அவன் கிடந்தபோதே திரையில் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கேலிக்குக் கையாட்டுகிறான் என்று நினைத்தேன். முதல் ஐந்து நிமிடம் அப்படித்தான் நினைத்தேன்.